முதல் மடக்கு

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது, சட்டத்துக்கா பஞ்சம்? சர்க்கார் கச்சேரிச் சுவரில் வாரத்துக்கொரு தாள் ஒட்டுவான். மழை வந்தால் அது ஊறி விழும், அடுத்த வாரம் வேறொன்று வரும். ஆனால் இந்த வீட்டுச் சட்டம் எந்தத் தாளிலும் எழுதப்பட்டதில்லை, எந்த மழைக்கும் விழுந்ததில்லை. மருந்தைக் காய்ச்சியவள் எவளோ, அவளே முதல் மடக்கைக் குடிக்க வேண்டும். நோயாளியின் கண்ணெதிரே, நின்றபடி, தொண்டைக்குழி ஏறி இறங்குவது தெரியும்படி குடிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் கிண்ணம் கை மாறும்.

பதினாலு வருஷமாக அந்த முதல் மடக்கைக் குடித்து வருகிறவள் மருமகள்.

வீட்டில் மொத்தமே நாலு பேர். மாமனார் கச்சேரியில் பெரிய குமாஸ்தாவாக இருந்து ஓய்ந்தவர். மாமியார். அவர்கள் பெற்ற ஒரே பிள்ளை தர்மாஸ்பத்திரியில் கம்பவுண்டர். நாலாவது ஆள் இவள். நாலு பேருக்கு எதற்கம்மா இத்தனை மருந்து என்று கேட்கத் தோன்றும். மாமனாருக்கு வயிறு இறுகும். மாமியாருக்கு முழங்கால் வீங்கும். பிள்ளைக்கு வருஷம் முன்னூற்று அறுபத்தைந்து நாளும் நெஞ்சில் சளி. இது போதாதென்று தெருவே செம்பைத் தூக்கிக்கொண்டு கொல்லைக் கதவுக்கு வரும். பக்கத்து வீட்டுத் தையற்காரருக்குக் காய்ச்சல், எதிர்வீட்டு வண்டிக்காரர் பெண்டாட்டிக்கு இடுப்புப் பிடிப்பு, கோடிவீட்டுக் குழந்தைக்குப் பூச்சி. கொல்லைக் கதவில் கொடுத்தாலும் சட்டம் சட்டம்தான். அங்கேயும் முதல் மடக்கு இவளுடையது. ஊரில் யாருக்கு என்ன வியாதி வந்தாலும் மருந்து முதலில் இவள் தொண்டையில்தான் இறங்கும்.

பக்கத்திலேயே தர்மாஸ்பத்திரி இருக்க இவளிடம் ஏன் வருகிறார்கள் என்றால், ஆஸ்பத்திரியில் மருந்து வாங்க வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுபோக வேண்டும். பாட்டில் இல்லாதவனுக்கு மருந்தும் இல்லை. கொண்டுபோனாலும் தலைவலிக்கும் சிவப்பு மிக்சர், கால்வலிக்கும் சிவப்பு மிக்சர். கம்பவுண்டர் அதை ஊற்றி, வேளைக்கு ஒரு பல்லாகக் கத்தரித்த காகிதத்தைப் பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டித் தருவான். வாங்கினவன் வாசல் தாண்டியதும் முகர்ந்து பார்த்து முகம் சுளித்து, நேரே கம்பவுண்டர் வீட்டுக் கொல்லைக்கு வருவான். புருஷன் அங்கே ஊற்றினதை இவள் இங்கே சரிசெய்ய வேண்டும். நல்ல குடித்தனம்!

ஒருநாள் அவள் புருஷனிடம் கேட்டாள். "ஏங்க, உங்க ஆஸ்பத்திரியில முதல் மடக்கு யார் குடிக்கறாங்க?"

"யாரும் குடிக்கறதில்ல. எதுக்குக் குடிக்கணும்?"

"ஜனங்க நம்பிக் குடிக்கறாங்களா?"

"சர்க்கார் முத்திரை குத்தியிருக்கில்ல? முத்திரை இருந்தா மண்ணெண்ணெயைக்கூடக் குடிச்சுடுவான்."

"எனக்கும் ஒரு முத்திரை குத்திவிடுங்களேன்," என்றாள் அவள். அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு அதுவரை ஏழு மடக்கு ஆகியிருந்தது.

மாமனாரைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படியிருந்தால் கதை சுலபமாகப் போயிருக்கும். அவருக்குப் பத்து வயதாகும்போது ஓர் அண்ணன் இருந்தான். அவனுக்கு வயிற்றுவலி என்று வீட்டில் தங்கியிருந்த ஓர் அத்தை ஏதோ வேரை இடித்துக் காய்ச்சிக் கொடுத்தாள். விளக்கு வைப்பதற்குள் பையன் போய்விட்டான். வேர் மாறிவிட்டதா, வேண்டுமென்றே செய்தாளா என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு அவருடைய அப்பா போட்ட சட்டம் இது. மாமனார் எந்த மருந்தைக் கையில் வாங்கும்போதும் அந்த அண்ணனைத்தான் பார்ப்பார் என்று மாமியார் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அதனாலேயே மருமகளுக்கு அவர்மேல் கோபம் வந்ததில்லை. அலுப்புதான் வந்தது.

அலுப்பென்றால் சாதாரண அலுப்பா? விடிவதற்கு முன்னால் எழுந்து கல்வத்தில் இடிக்க வேண்டும். சுக்கு ஒரு பக்கம், நிலாவரை இலை ஒரு பக்கம், வேம்பம்பட்டை ஒரு பக்கம். தகர டப்பாக்கள் பதினெட்டு, ஒவ்வொன்றிலும் மாமனாரின் கச்சேரிக் கையெழுத்தில் பெயர்ச்சீட்டு. எட்டுக்கு ஒன்றாகச் சுண்டக் காய்ச்சு என்பார்கள். அடுப்பை ஊதி ஊதிச் சுண்டியது கஷாயமா இவளா என்று தெரியாது. தலைக்குக் குளித்தாலும் கூந்தலில் ஆமணக்கெண்ணெய் வாடை போகாது. நாக்கு செத்து எத்தனையோ வருஷமாகிறது. குழம்பில் உப்புப் போதுமா என்று பார்க்க மாமியாரைத்தான் கூப்பிடுவாள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. மாதத்தில் முதல் ஞாயிறு, வீடு முழுக்கப் பேதி. உடம்பிலுள்ள கசடெல்லாம் வெளியேற வேண்டுமாம். அதற்குக் கரியபோளம். கற்றாழைப் பாலைக் காய்ச்சி இறுக்கிய கறுப்புக் கட்டி அது. கசப்பு என்றால் அப்படியொரு கசப்பு. அதோடு நிலாவரையும் சேரும். மூன்று பேருக்கும் மூன்று பக்குவம், மூன்று கிண்ணம், மூன்று முதல் மடக்கு. வீட்டில் கக்கூஸ் ஒன்றே ஒன்று. அந்த ஞாயிறுகளில் கச்சேரி உத்தியோகமும் தெரியாது, ஆஸ்பத்திரி உத்தியோகமும் தெரியாது. யார் முந்துகிறாரோ அவர் மகராஜா. மூன்று பேருக்கும் தண்ணீர் மொண்டு வைத்துவிட்டு, தன் வயிற்றையும் பிடித்துக்கொண்டு, கடைசி ஆளாக நிற்பாள் மருமகள்.

இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்று இருந்தது. மூன்று தடவை அவள் வயிற்றில் ஒன்று வந்து தங்கி, மூன்றோ நாலோ மாதத்தில் போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் ஒரு பழைய துணியில் சுற்றிக் கொண்டுபோனார்கள். ஊரெல்லாம் இவளிடம் மருந்து வாங்கி நன்றாக இருக்க, இவள் வயிற்றுக்கு மட்டும் ஒன்றும் வாய்க்கவில்லை. வைத்தியக்காரி வீட்டில்தான் வியாதி என்று கோடிவீட்டுக்காரி ஒருமுறை இவள் காதுபடவே சொன்னாள். சொன்ன கையோடு பூச்சி மருந்தும் வாங்கிக்கொண்டு போனாள்.

இப்போது நாலாவது. மூன்று மாதம் முடிந்து இரண்டு வாரம். புருஷனைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் கண் படும் என்றில்லை. சொல்லிச் சொல்லிப் பிறகு இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறதே, அந்த வெட்கம். முப்பத்திரண்டு வயதாகிவிட்டது. இதுவும் போனால் அடுத்தது வருமோ வராதோ. காலையில் எழுந்ததும் முதல் காரியமாகப் புடவையைப் பார்ப்பாள். சுத்தமாக இருந்தால் அன்றைய நாள் கிடைத்தது என்று எண்ணிக்கொண்டு கல்வத்தை எடுப்பாள்.

சனிக்கிழமை காலை புருஷன் வேலைக்குக் கிளம்பும்போது, "நீயும் வா. நர்சம்மாகிட்ட ஒரு தடவை காட்டிடலாம்," என்றான். மாமியாரிடம் பல்வலி என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

தர்மாஸ்பத்திரியில் பெண்களைப் பார்க்கும் அறை கோடியில் இருந்தது. ஒரு மேசை, ஒரு பெஞ்சு, ஒரு துணித்தட்டி, சுவரில் சட்டம் போட்ட ராஜாவின் படம். ராஜா பெண்கள் பக்கம் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், அந்த மட்டுக்கும் மரியாதை. நர்சம்மா பூட்ஸ் போடுகிறவள். அதற்காகவே பாதி ஊர் அவளிடம் வராது. அவள் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்து பத்து வருஷமாகிறது. இவளுடைய மூன்றையும் பார்த்தவள்.

வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், கண்ணை இழுத்துப் பார்த்தாள். அப்புறம் சர்க்கார் அச்சடித்த தாளை எடுத்து வரிசையாகக் கேட்டாள்.

"கீழ விழுந்தியா?"

"இல்லீங்க."

"பாரம் தூக்கறியா?"

"தண்ணிக்குடம்தான்."

"காய்ச்சல், வாந்தி?"

"வாந்தி இருக்கு."

"மருந்து ஏதாவது சாப்பிட்டியா?"

"இல்லீங்க."

நர்சம்மா 'இல்லை' என்று எழுதினாள். ரத்தம் போதாது என்று சொல்லி, அலமாரியிலிருந்து கறுப்பாக ஏதோ ஒரு டானிக்கைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றித் தண்ணீர் கலந்து நீட்டினாள். "இரும்புச் சத்து. இப்பவே குடிச்சுடு."

மருமகள் எழுந்து நின்றாள். தம்ளரை வாங்கி, ஒரே ஒரு மடக்குக் குடித்து, தொண்டையை நன்றாக இறக்கிக் காட்டி, தம்ளரை நர்சம்மாவிடமே திருப்பி நீட்டினாள்.

நர்சம்மா வாங்கவில்லை. "என்ன இது? குடிம்மா."

"குடிச்சுட்டேங்க."

"மீதி?"

"மீதி..." என்று ஆரம்பித்தாள். மீதி யாருக்கு என்று அவளுக்கே தெரியவில்லை. மீதி என்பது எப்போதும் வேறு யாருக்காவது உரியது. கை பாட்டுக்கு நீட்டிக்கொண்டு நின்றது. அவளுக்கே சிரிப்பு வந்தது. "பழக்க தோஷம்ங்க. வீட்டுல முதல் மடக்கு மட்டும்தான் என்னோடது."

"எந்த மருந்துல முதல் மடக்கு?"

"எல்லா மருந்துலயும்தான்."

நர்சம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "மருந்தே சாப்பிடலைன்னு இப்பத்தானே சொன்னே?"

"நான் சாப்பிடலைங்க. சாப்பிடறவங்க அவங்க. நான் குடிச்சுக் காட்டறதோட சரி." இதிலென்ன சந்தேகம் என்று மருமகளுக்குப் புரியவில்லை. "தபால்காரன் கையில இருக்கற கடுதாசி அவனுக்கா வந்தது?"

"நீ அதைத் துப்பறியா, முழுங்கறியா?"

"முழுங்கணும். மாமா பார்த்துட்டே இருப்பாரே."

அதற்கப்புறம் நர்சம்மா கேட்ட கேள்வியெல்லாம் அச்சடித்த தாளில் இல்லாதவை. என்னென்ன காய்ச்சுகிறாய், ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு, ஒரு மடக்கு என்றால் எவ்வளவு? மருமகள் விரல்விட்டுச் சொன்னாள். நிலாவரை சொன்னாள், ஆமணக்கெண்ணெய் சொன்னாள். தீட்டு வரவில்லை என்று வரும் பெண்களுக்குக் கொடுக்கும் கஷாயத்தைச் சொன்னாள். முதல் ஞாயிறும் கரியபோளமும் என்று சொன்னபோது நர்சம்மா எழுந்து போய் அலமாரியின் கீழ்த்தட்டில் குனிந்து தேடினாள். தூசி தட்டி மூன்று தாள்களைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினாள். மூன்றிலும் ஒரே இடத்தில், அவளுடைய கையெழுத்திலேயே, 'இல்லை' என்று எழுதியிருந்தது.

"மூணு தடவையும் நான் கேட்டிருக்கேன். மூணு தடவையும் நீ இல்லைன்னு சொல்லியிருக்கே."

"இல்லைதானேங்க," என்றாள் மருமகள். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"இங்க பாரு. குடலை முறுக்கற மருந்து குடலோட நிக்காது, பக்கத்துல இருக்கறதையும் சேர்த்து முறுக்கும். அந்த மூணும் இதாலதான் போச்சுன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. ஆனா அன்னிக்கே இது தெரிஞ்சிருந்தா ஒரு சொட்டு உன் வாயில பட விட்டிருக்க மாட்டேன்." கோபம் யார்மேல் என்று தெரியாமல் நர்சம்மா கதவைத் திறந்து கம்பவுண்டரைக் கூப்பிட்டாள். "ஏன்யா, பாட்டில் பாட்டிலா 'விஷம்'னு சிவப்புச் சீட்டு ஒட்டறே. உன் வீட்டுல ஒண்ணு ஒட்டத் தோணலையா உனக்கு?"

கம்பவுண்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கையிலிருந்த பசைக் குச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பதினாலு வருஷமாக அவனும் அந்த மடக்கைப் பார்த்தவன்தான், அவனுக்கும் அது மருந்தாகத் தோன்றியதில்லை.

மருமகள் மீதி டானிக்கை எடுத்து முழுக்கக் குடித்தாள். தனக்கென்று ஒரு மருந்தைக் கடைசிச் சொட்டுவரை குடிப்பது அவளுக்குப் புதிது. குடித்து முடித்துப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். யாரும் தடுக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் புருஷன் குடை பிடித்துக்கொண்டு கூட வந்தான். மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு. இரண்டு பேருக்கும் அது நினைவிருந்தது.

"நாளைக்கு மட்டும் வாயில வெச்சுட்டுத் துப்பிடேன்," என்றான் அவன்.

"உங்கப்பா தொண்டையைத்தான் பார்க்கறார், வாயை இல்ல."

"கரியபோளத்துக்குப் பதிலா வேற ஏதாவது கசப்பாப் போட்டுட்டா?"

"அவருக்கு நாக்கு இருக்குங்க. எனக்குத்தான் போச்சு." புடவைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "அப்படி மாத்திப் போட்டு அவர் கண்டுபிடிச்சா, அவங்க அத்தை கதையா ஆயிடும் எனக்கு. ஏமாத்த மாட்டேன். நீங்க சொல்லுங்க. உங்கப்பாதானே?"

"சொல்றேன். சாயங்காலமே சொல்லிடறேன்."

சாயங்காலம் அவன் அப்பாவின் அறைக்குப் போனதை மருமகள் அடுப்படியிலிருந்து பார்த்தாள். மாமனார் சாய்வு நாற்காலியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். இவன் எதிரே போய் நின்று, தொண்டையைக் கனைத்து, "கண்ணாடி சரியாத் தெரியுதாப்பா?" என்று கேட்டான். தெரிகிறது என்றார். "அப்ப சரி," என்று திரும்பி வந்தான். சிங்கத்தின் குகைக்குப் போய்ச் சௌக்கியமா என்று கேட்டுவிட்டு வந்த வீரன்! அவளுக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. பாயை விரித்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஞாயிறு விடிந்தது. புடவை சுத்தமாக இருந்தது. எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். காய்ச்சாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் கை பாட்டுக்கு டப்பாவைத் திறந்தது, கட்டியை உடைத்தது, இடித்தது, வடிகட்டியது. மூன்று கிண்ணங்களையும் ஒரு தட்டில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். மாமனார் நாற்காலியில், மாமியார் கீழே பாயில் கால் நீட்டி, புருஷன் தூணோரம்.

முதல் கிண்ணம் மாமனாருடையது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து அவள் தொண்டையைப் பார்த்தார். பதினாலு வருஷமாக அவர் இவள் முகத்தைப் பார்த்ததைவிடத் தொண்டையைப் பார்த்ததுதான் அதிகம்.

அவள் கிண்ணத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"குடிக்கலையேம்மா," என்றார் அவர். மறந்துவிட்டாள் என்று நினைத்து நல்லபடியாகவே சொன்னார்.

"குடிக்க மாட்டேன் மாமா."

"என்னது?"

"இன்னிக்குன்னு இல்ல. இனிமே எந்த மருந்தும் குடிச்சுக் காட்ட மாட்டேன்."

மாமனார் கிண்ணத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். பிறகு தள்ளிப் பிடித்துக்கொண்டார். "இதுல என்ன போட்டிருக்கே?"

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். ராத்திரியெல்லாம் அதற்குத்தான் தயாராகிக்கொண்டிருந்தாள். அப்படியும் வலித்தது. பதினாலு வருஷம் எத்தனை ஆயிரம் மடக்கு! ஒரு மடக்கு குறைந்தால் கொலைகாரியா?

"எப்பவும் போடறதுதான் மாமா."

"அப்ப குடிக்கறதுக்கென்ன?"

அவள் புருஷனைப் பார்த்தாள். "சொல்லுங்க."

"அது வந்துப்பா... நர்சம்மா என்ன சொல்றாங்கன்னா... அதாவது..." என்று அவன் விளக்கெண்ணெயாக இழுத்தான். அவன் வார்த்தையைத் தேடி முடிப்பதற்குள் பிள்ளையே பிறந்துவிடும் போலிருந்தது.

"நான் முழுகாம இருக்கேன் மாமா," என்றாள் அவள். "நாலாவது மாசம். இந்த மருந்து ஒரு சொட்டுகூட ஆகாதுன்னு நர்சம்மா சொல்லிட்டாங்க. முன்னாடி போனதெல்லாம்கூட இதால இருக்கலாம்னு சொன்னாங்க. எனக்கு இது வேணும். இது ஒண்ணாவது எனக்கு வேணும்."

மாமனாரின் குரல் உயர்ந்தது. கோபமா பயமா என்று சொல்ல முடியாது. அந்த வயதில் இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கும்.

"பூட்ஸ் போட்டவ சொன்னா வேதவாக்கா? ஒரு மடக்குல என்ன ஆயிடும்? இந்த வீட்டுல அம்பத்தெட்டு வருஷமா இதுதான் முறை. எங்கண்ணன் போனதுக்கப்புறம், இந்த முறை வந்ததுக்கப்புறம், மருந்து குடிச்சு இந்த வீட்டுல ஒரு உயிர் போயிருக்கா? சொல்லு. ஒரே ஒரு உயிர்?"

"மூணு போயிருக்கு மாமா."

அவள் கத்திச் சொல்லவில்லை. கத்த முடியாத அளவுக்குக் களைத்திருந்தாள்.

மாமனார் பதிலுக்கு வாயைத் திறந்தார். அதற்குள் மாமியார், "இருங்க," என்றாள். அவரிடம் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவள் அவரைப் பார்க்கவில்லை, மருமகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "நர்சம்மா சொன்னதை இன்னொரு தடவை சொல்லு."

"பேதி மருந்து குடலோட நிக்காது, கர்ப்பத்தையும் சேர்த்து முறுக்கும்னாங்க அத்தை."

"ஒரு மடக்கு குடிச்சாலுமா?"

"தினமும் ஒரு மடக்கு, எல்லா மருந்துலயும் ஒரு மடக்குன்னா அது ஒரு மடக்கா, அப்படின்னு கேட்டாங்க."

மாமியார் இடது கையை விரித்து மடியில் வைத்துக்கொண்டாள். வலது கை விரலால் கட்டை விரலைத் தொட்டாள். அடுத்தது. அடுத்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சுண்டுவிரலில் வந்து நின்றது.

"அஞ்சு," என்றாள்.

"என்ன அஞ்சு?" என்றார் மாமனார்.

"எனக்குப் போனது. நீங்க எண்ணியிருக்க மாட்டீங்க." மாமியார் குரலில் சண்டை இல்லை. எங்கோ வைத்துவிட்ட சாமானைத் தேடுகிறவள் மாதிரி மெல்லப் பேசினாள். "இவனுக்கு முன்னாடி மூணு, இவனுக்குப் பின்னாடி ரெண்டு. உங்கம்மா காலத்துல நான்தானே காய்ச்சினேன்? நான்தானே குடிச்சுக் காட்டினேன்? உங்கம்மா, உங்கப்பா, நீங்க. மூணு கிண்ணம்."

"விதி அது," என்றார் அவர்.

"அப்படித்தான் நானும் நெனச்சுட்டிருந்தேன். நாப்பது வருஷமா அதைத்தான் நெனச்சுட்டிருந்தேன். இத்தனை போச்சே, இவன் ஒருத்தன் மட்டும் எப்படித் தங்கினான், நான் என்ன புண்ணியம் பண்ணினேன்னு." தூணோரம் நின்ற பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தாள். முப்பத்தெட்டு வயது, காதோரம் நரை. "அந்த வருஷம் உங்கம்மா என்னை ஒரு வார்த்தை சொன்னாங்கன்னு நான் கோவிச்சுக்கிட்டு எங்க வீட்டுக்குப் போயிட்டேன். வயித்துல ஒரு மாசம், எனக்கே தெரியாது. நீங்க நாளைக்கு வருவீங்க, அடுத்த வாரம் வருவீங்கன்னு வாசலைப் பார்த்துட்டே இருந்தேன். எட்டு மாசம் நீங்க என்னைக் கூப்பிட வரவே இல்ல. அந்த எட்டு மாசமும் அழுதேன். இன்னிவரைக்கும் அதுக்காக உங்களை நான் மன்னிச்சதில்ல."

மூச்சு வாங்கினாள். அப்புறம் சொன்னாள்:

"நீங்க வராததாலதான் இவன் இருக்கான்."

மாமனார் குடிக்கவில்லை. கிண்ணத்தைக் கீழே வைக்கவும் இல்லை. பிள்ளை தூணை விட்டு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மருமகள் மற்ற இரண்டு கிண்ணங்களோடு தட்டைச் சுவரோரம் வைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். மாமியார் கையை நீட்டி அவள் பாதத்தைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "வீங்கியிருக்கே," என்றாள். பிடித்துவிட ஆரம்பித்தாள். கிண்ணத்திலிருந்த கஷாயம் மாமனார் கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது, அதைக் குடிக்கச் சொல்லி யாரும் அவரிடம் கேட்கவில்லை.